அடைபட்ட கதவும் பச்சை விளக்கும்



மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகள் இன்று நம் சபையின் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பலர். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி பெற்று, செம்மங்குப்பத்திலும் ஆலப்பாக்கத்திலும் பெற்றோரின் வீட்டில் ஒரு மேசையைப் போட்டு அதையே அலுவலகமாக்கிக்கொண்டவர்கள் சிலர். அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உபவாசம் இருந்து ஜெபித்தோம். கிடைத்தபோது ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். கிடைத்த வேலையில் அவர்களுடைய நாள் எப்படிக் கழிகிறது என்பதை இந்த வாரம் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க உங்களை அழைக்கிறேன்.

2025 ஆகஸ்ட் மாதத்தில் செம்மங்குப்பத்தில் ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். அந்த வீட்டுத் தம்பி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழாவது ஆண்டாகப் பணிபுரிகிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். வாசலிலேயே தாயார் என்னை நிறுத்திச் சொன்னார்கள்: "ஐயா, பிள்ளை ஊரோடு வந்துவிட்டான் என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். அவன் இந்த அறையில்தான் இருக்கிறான். ஆனால் அவனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு மாதக் கணக்காகிறது."

தம்பியிடம் அவருடைய ஒரு நாளைச் சொல்லும்படி கேட்டேன். பகல் ஒரு மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறார். இரண்டு மணிக்கு அணியினரின் சந்திப்பு. நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன முடிப்பாய், எது தடையாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். பிறகு, 'டிக்கெட்' என்று அவர்கள் அழைக்கும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க வேண்டும். மாலை ஆறரை மணிக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது. வாடிக்கையாளர்கள் அப்போதுதான் அலுவலகம் வருகிறார்கள். அவர்களோடு கூட்டங்கள் முடிய இரவு பத்தரை, சில நாட்களில் நள்ளிரவு.

இதற்குமேல் 'ஆன்-கால்' என்று ஒன்று உண்டு. முறை வரும் வாரத்தில், ஏழு நாளும் இரவு பகல் எந்நேரமும், வாடிக்கையாளரின் மென்பொருள் நின்றுவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் கைபேசி தலையணையின் அருகிலேயே இருக்கும். குளிக்கச் சென்றாலும் தாயாரிடம் கொடுத்துவிட்டுச் செல்கிறார். ஆராதனையின் நடுவில் அவர் எழுந்து வெளியே செல்வதைக் கண்டு நம்மில் சிலர் முகம் சுளித்ததுண்டு. காரணம் இதுதான்.

அலுவலக அரட்டைச் செயலியில் ஒவ்வொருவர் பெயரின் அருகிலும் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. வேலையில் இருந்தால் பச்சை; சில நிமிடங்கள் கணினியைத் தொடாவிட்டால் மஞ்சள். நாங்கள் ஜெபிக்கத் தொடங்குமுன் அந்தத் தம்பி எழுந்து சென்று சுட்டியை ஒருமுறை அசைத்துவிட்டு வந்தார். "மன்னியுங்கள் பாஸ்டர். புள்ளி மஞ்சளானால் மனது படபடக்கிறது" என்றார்.

அருகில் அமர்ந்திருந்த தகப்பனார் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஷிஃப்ட் பார்த்தவர். எளிய வேலையன்று. ஆயினும் அதற்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று ஷிஃப்ட் மாறும். ரிலீவர் வந்து பொறுப்பேற்று, லாக் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகு இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படலாம். ரிலீவர் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் இவர் தலையில்தான், அதற்கு ஓ.டி. உண்டு. அந்த நாட்களில் அவருக்குப் பின்னால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நின்றது. வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, மிகுநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்று அது வரையறுத்திருந்தது. தகப்பனார் மகனைப் பார்த்தவாறே சொன்னார்: "எனக்கு சைரன் அடித்தது ஐயா. இவனுக்கு அடிப்பதே இல்லை."

கணினியை மூடிவிட்டு உறங்கினால் என்ன என்று கேட்பது எளிது. அந்த வீட்டில் வீட்டுக் கடன் இருக்கிறது. தங்கையின் திருமணம் இருக்கிறது. அதோடு, அந்தக் கோடையில் நாளிதழ்களில் வந்த செய்திகளும் அவர் நெஞ்சில் இருந்தன. 2025 ஜூன் மாதத்தில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. ஓர் ஊழியர் ஆண்டில் குறைந்தது 225 வேலைநாட்கள் வாடிக்கையாளருக்குக் கட்டணம் எழுதக்கூடிய பணியில் இருக்க வேண்டும். பணி ஏதும் ஒதுக்கப்படாமல் 'பெஞ்ச்' என்ற காத்திருப்பில் 35 வேலைநாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஜூலை 27 அன்று அதே நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதத்தினரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரை, அந்த நிதியாண்டில் விடுவிக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, உயர்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றும் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 நவம்பரில், சென்னையில் பிறந்து வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் சுமார் 660 பேரைக் குறைத்திருந்தது. 2021-இல் அந்த நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நாமெல்லாரும் வியந்து படித்தோம்.

நம் தம்பி இவ்விரு நிறுவனங்களிலும் இல்லை. ஆனால் அடுத்த தெருவில் தீப்பிடித்தால் நம் கூரையையும் அண்ணாந்து பார்ப்போம் அல்லவா? அவருடைய அலுவலகத்திலும் சிலர் சொல்லாமல் மறைந்தார்கள். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவரின் பெயர் இன்று செயலியில் இல்லை. ஆள் குறைந்ததால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்த ஆன்-கால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. பட்டியலில் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில், முறை இல்லாத இரவுகளிலும் அவர் விழித்திருந்தார்.

சபையாரே, அந்த ஆண்டின் ஜூலை மாதத்தை நம் ஊர் ஒருநாளும் மறவாது. ஜூலை 8, செவ்வாய்க்கிழமை காலை, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் ஒன்றின்மேல் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் சென்ற பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்களை இழந்தோம். அந்த வீடுகளின் துக்கத்துக்கு ஈடான சொல் என்னிடம் இல்லை. யார் எவ்வளவு பொறுப்பு என்று தீர்ப்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. அதை இங்கே நான் தொடவில்லை. ஆனால் அந்த நாட்களில் நம் ஊர்த் தேநீர்க்கடைகளிலெல்லாம் ஒரு சொல் புழங்கத் தொடங்கிற்று: இன்டர்லாக்கிங். அந்தக் கேட்டுக்கு அது செய்யப்பட்டிருக்கவில்லை.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில், ரயில் வரும்முன் நிலைய அதிகாரி தொலைபேசியில் கேட்கிறார். கேட் கீப்பர் கதவை மூடி, மூடியதற்கு உறுதியாக ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்தச் சொல்லின்மேல்தான் ரயில் அனுப்பப்படுகிறது. இன்டர்லாக்கிங் செய்த கேட்டிலோ, கதவு மூடிப் பூட்டப்பட்டாலொழிய ரயிலுக்கான சிக்னல் பச்சைக்கு மாறாது. கதவும் விளக்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சகம் இந்த ஏற்பாட்டை இன்னும் பல கேட்டுகளுக்கு விரிவாக்க உத்தரவிட்டது. கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கிக் கிடைக்கும் அளவு 20,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக்கிங் என்றிருந்த வரம்பு 10,000-ஆகக் குறைக்கப்பட்டது.

அந்த ஏற்பாட்டின் கருத்தை எண்ணிப் பாருங்கள். காவலிருப்பவர் நல்லவரா, கவனமுள்ளவரா என்று அது விசாரிப்பதில்லை. மனிதர் எவராயினும் களைத்துப்போவார், கண் அயர்வார், மறப்பார் என்று முன்கூட்டியே அறிந்து, அந்தப் பலவீனத்தினால் ஒரு பிள்ளையின் உயிர் போகாதபடிக் காக்கிறது.

இதை நான் சொன்னபோது அந்தத் தம்பியின் முகம் மலர்ந்தது. "பாஸ்டர், எங்கள் வேலையிலும் இதுதான். நான் எழுதிய நிரலை நானே நேரடியாக வாடிக்கையாளரின் கணினியில் ஏற்ற முடியாது. இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். சோதனைகள் எல்லாம் தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானே வேலை செய்யாது. கவனமாக இரு என்று சொல்வதை நம்பி யாரும் மென்பொருள் கட்டுவதில்லை" என்றார்.

"உங்கள் உறக்கத்தை மட்டும் எதை நம்பிக் கட்டியிருக்கிறீர்கள், தம்பி?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "இன்றைக்குச் சீக்கிரம் முடித்துவிடுவேன் என்று தினமும் அம்மாவிடம் சொல்வேன்" என்றார். அந்த வீட்டில் ஓய்வு என்பது, தொலைபேசியில் சொல்லப்படும் உறுதிமொழியாக மட்டுமே இருந்தது.

ஓய்வுநாள் கட்டளையை நான் இப்போது இந்த வெளிச்சத்தில் வாசிக்கிறேன். களைத்தால் ஓய்ந்துகொள் என்று தேவன் ஆலோசனை கூறியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், ஓய்வை வாரத்தின் அமைப்புக்குள்ளேயே பிணைத்துவைத்தார். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் பார்வோனைப் பார்க்கிறோம். வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். செங்கல் கணக்கையோ குறைப்பதில்லை. முறையிட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுகிறான். ஆட்களைக் குறைத்துவிட்டு இலக்கை அப்படியே வைத்திருக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. அந்த அடிமை வீட்டிலிருந்து மீட்ட ஜனத்துக்குத்தான் ஆண்டவர் ஓய்வுநாளைக் கொடுத்தார். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனியுங்கள்: எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைக்க வேண்டும்; ஆகையால் வேலைக்காரரும் வேலைக்காரிகளும் எஜமானைப் போலவே இளைப்பாற வேண்டும்.

மன்னாவின் வரலாறும் அப்படியே. மறுநாளுக்கென்று சேர்த்துவைத்தது புழுத்துப்போயிற்று. ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்தது, அது கெடவில்லை. அப்படியிருந்தும் ஏழாம் நாளில் சிலர் கூடையோடு வெளியே போனார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் எண்ணுவதில்லை. நேற்றுவரை அடிமைகளாயிருந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் கைகட்டி இருந்தாலும் உணவு வரும் என்று நம்பப் பழகாதவர்கள். முறையில்லாத இரவில் விழித்திருக்கும் நம் பிள்ளைகளும் அந்தக் கூடைக்காரர்களைப் போன்றவர்களே. அவர்களைக் கடிந்துகொள்வதால் அவர்கள் வீடு திரும்பப்போவதில்லை.

இக்காலத்திலும் இதைப்பற்றிய வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்களை வேலைவாங்க இயலாத வருத்தத்தைப் பற்றியும் பேசியது பெரும் விவாதமாயிற்று. மறுபுறம், வேலைநேரம் முடிந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017-லும், ஆஸ்திரேலியா 2024-லும் சட்டமாக்கின. அவை சமுதாயம் தனக்குத்தானே செய்துகொள்ளும் இன்டர்லாக்கிங். நம் நாட்டிலும் அத்தகைய பாதுகாப்பு வர ஜெபிப்போம், கேட்கவும் செய்வோம்.

சட்டம் வரும்வரை அந்தத் தம்பி என்ன செய்வது? அன்றிரவு வழி சொன்னவர் தகப்பனார்தான். "உனக்கு ரிலீவர் இல்லை. அதுதான் குறை" என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. அடுத்த வாரம் தம்பி தன் அணியிலுள்ள இரண்டு பேரிடம் பேசினார். ஒருவர் இஸ்லாமியச் சகோதரர். மற்றவர் இந்துச் சகோதரர். வெள்ளிக்கிழமை பகலில் இவர் கைபேசியைச் சுமப்பது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இவரே காவலிருப்பது, அதற்கு ஈடாகச் சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை ஆறு வரை அவர்கள் இருவரில் ஒருவர் இவருடைய அழைப்புகளை ஏற்பது என்று மூவரும் எழுதிக்கொண்டார்கள். ஆன்-கால் அட்டவணையிலேயே அதைப் பதியும்படி மேலாளரிடம் கேட்டார்கள். அவர் முதலில் தயங்கினார். வேலை நிற்காது என்று கண்டபின் ஒப்புக்கொண்டார். இப்போது அந்த இருபத்துநான்கு மணி நேரமும் எச்சரிக்கை இவருடைய கைபேசிக்கு வருவதே இல்லை. சனிக்கிழமை மாலை, பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுகிறார். தகப்பனாரின் லாக் புத்தகம் மகனுக்கும் கிடைத்துவிட்டது.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஓய்வை யாரும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் உறங்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். ஞாயிறன்று நமக்காக விழித்திருக்கும் ரயில் ஓட்டுநரும், மருத்துவமனைச் செவிலியரும், நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவரும் வேறொரு நாளில் இளைப்பாறும்படி நாம் அக்கறை கொள்ளாவிட்டால், நம்முடைய ஓய்வுநாள் அரைகுறையானதே.

புதிய ஏற்பாடு தொடங்கிய முதல் ஞாயிறு அந்தத் தம்பி ஆராதனைக்கு வரவில்லை. தாயார் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்கள்: "எழுப்ப மனம் வரவில்லை ஐயா. பதினொரு மணி வரை தூங்கினான்." எனக்குச் சந்தோஷமாயிருந்தது. சூரைச்செடியின் கீழ் சாகும்படி வேண்டிக்கொண்டு படுத்த எலியாவுக்கு ஆண்டவர் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். அவனோடு பேசியது அதற்குப் பின்புதான். அடுத்த ஞாயிறு தம்பி வந்தார். ஆராதனை முடியும்வரை அமர்ந்திருந்தார். அன்று பகல் மூவரும் சேர்ந்து சாப்பிட்டதாகத் தாயார் சொன்னார்கள்.

அவருடைய வேலை நிலைத்துவிட்டது என்று நான் எழுத இயலாது. அலுவலகத்தில் இன்னொரு பட்டியல் வரும் என்ற பேச்சு இருக்கிறது. பயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் ஒரு நாள் கைகட்டி இருந்தும் திங்கட்கிழமை வந்தது. வேலையும் அங்கேயே இருந்தது. அதை அவர் பலமுறை கண்டுவிட்டார். நம்பிக்கை அப்படித்தான் பழக்கமாகிறது. ஒருவேளை அந்தப் பட்டியலில் பெயர் வந்தாலும், அவருடைய பெயரை அழிக்க முடியாத இடம் வேறொன்று உண்டு என்பதைச் சபையாகிய நாம் அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சம்பளத்தையும் பதவி உயர்வையும் கேட்பதோடு, எத்தனை மணி நேரம் உறங்கினாய் என்றும் கேளுங்கள். இரவு வேலை பார்த்துக் காலையில் படுத்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதிருங்கள். அது பார்வோனின் சொல். வேலை இழந்து வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளையிடம், அடுத்தது என்ன என்று வாசலிலேயே கேளாதிருங்கள். இனிமேல் சபைக் குழுச் செய்திகள் இரவு ஒன்பது மணிக்குமேல் அனுப்பப்படமாட்டா என்று மூப்பர்கள் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். பணியிடத்தில் மேலாளராக இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் கீழ் உள்ளவர்களுக்கு ரிலீவர் இருக்கிறாரா என்று இந்த வாரமே பாருங்கள். அட்டவணையை எழுதும் கை உங்களுடையது.

ஜெபிப்போம்: உறங்காமல் எங்களைக் காக்கிற ஆண்டவரே, நீர் விழித்திருப்பதால் நாங்கள் உறங்கலாம் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தாரும். வேலை இழந்தவர்களுக்கு வேலையையும், வேலையில் தங்களை இழந்தவர்களுக்கு இளைப்பாறுதலையும் தாரும். செம்மங்குப்பத்தில் பிள்ளைகளை இழந்த வீடுகளைத் தேற்றும். நீர் அடைத்த கதவைப் பயத்தினால் நாங்கள் திறவாதபடிக் காத்துக்கொள்ளும். ஆமென்.